காவிரிக் கரைக் கூடாரங்கள்: ஆற்றுக்கு யார் காவல்?

காவிரி என்றாலே நமக்கு டி.எம்.சி.தான். எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, மேட்டூரில் எத்தனை அடி, ஜூன் 12-ல் மதகு திறக்குமா திறக்காதா? இந்தக் கணக்கெல்லாம் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையத்தில் எழுதப்படுகிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னதும் அந்த இடத்தில் அளந்து தரும் தண்ணீருக்குத்தான். பிலிகுண்டுலுவுக்கு மேலே காவிரி எப்படி ஓடி வருகிறது, அந்தக் கரையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இருக்காது.

கர்நாடகத்தின் சிவனசமுத்திரத்தில் அருவியாக விழுகிற காவிரி, ஒகேனக்கல்லில் மறுபடி அருவியாக விழும் வரை ஒரு காட்டுப் பள்ளத்தாக்குக்குள் ஓடுகிறது. இந்த நீளத்தில் ஆற்றின் குறுக்கே பெரிய அணை எதுவும் இல்லை. இருபுறமும் குன்று, முள்காடு, மூங்கில். கரையோரம் மட்டும் நீர்மருதும் புங்கும் நாவலும் புளியும் கூரை போட்டது போல் நிழல் கட்டி நிற்கும். ஷிம்ஷா ஆறு வந்து சேருகிறது. கீழே சங்கமாவில் அர்க்காவதி சேருகிறது. அதற்கும் கீழே மேகதாதுவில் பாறை இடுக்குக்குள் அத்தனை தண்ணீரும் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. மேகதாதுவைத் தாண்டியபின் இடக்கரை தமிழ்நாடு, வலக்கரை கர்நாடகம் என்று ஆறே எல்லைக்கோடாகிவிடும்.

இந்தப் பள்ளத்தாக்கில்தான் பீமேஸ்வரி, தொட்டமக்களி, கலிபோர் ஆகிய ஆற்றங்கரை முகாம்கள் இருக்கின்றன. பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் அண்டு ரிசார்ட்ஸ் நிறுவனம் நடத்துகிறது. 1980-ல் கபினிக் கரையில் தனியார் கூட்டோடு தொடங்கி, பிறகு முழுக்க அரசுடைமையான நிறுவனம் அது. ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு மக்களைத் தங்கவைப்பதைத் தென்னிந்தியாவில் ஓர் அரசு நிறுவனமே தொழிலாக எடுத்துச் செய்தது என்றால், அதற்கு முதலில் சொல்ல வேண்டிய பெயர் இதுதான். இந்த முகாம்களின் கதையில் ஒரு மீன் இருக்கிறது, ஒரு சட்டம் இருக்கிறது, நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது.

கூடாரத்தில் ஒரு நாள்

முதலில், அங்கே போனால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கூடாரம் என்றதும் முதுகில் சுமந்துபோய் ஆணி அடித்துக் கட்டும் துணிக்கூடு நினைவுக்கு வரலாம். இவை அப்படிப்பட்டவை அல்ல. மேடை கட்டி நிரந்தரமாக நிறுத்தப்பட்ட கித்தான் கூடாரங்கள்; உள்ளே கட்டில், பின்பக்கம் குளியலறை. மரக்குடில்களும் உண்டு. சாப்பாடு பொதுக் கூடத்தில், எல்லோருக்கும் ஒரே சமையல். மரங்களுக்கு இடையில் கட்டிய தொங்கு வலையில் படுத்தால் எதிரே காவிரி. கோடையில் கணுக்காலளவுத் தண்ணீராகப் பாறைகளுக்கு நடுவே சலசலக்கும். ஆடியில் செந்நீராக, மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு போகும்.

காலையில் குன்றேறும் நடை, பிறகு பரிசல், துடுப்புப் படகு. பரிசல் நமக்குப் புதிதல்ல. மூங்கில் கூடையின் அடியில் ஒரு காலத்தில் தோல் போர்த்தினார்கள்; இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். பரிசல் கரையோரமாகச் சுழன்று போகும்போது சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் ஆறு தன் ஆட்களைக் காட்டும். பாறையில் வாய் பிளந்து வெயில் காயும் முதலை, குடும்பமாக நீந்தி வந்து மீனைக் கடித்துத் தின்னும் நீர்நாய், நீர்மருதின் உச்சிக் கிளையில் மீனுக்குக் காத்திருக்கும் கழுகு. இந்தக் கரைமரங்களில் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. திருவில்லிபுத்தூர் சரணாலயத்தால் நமக்குப் பழக்கமான அதே அணில்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அல்லாமல் வேறெங்கும் கிடையாது.

மாலையில் தீ மூட்டிச் சுற்றி உட்காருவார்கள். இருட்டியபின் கூடாரத்தைவிட்டுத் தனியாக ஆற்றுப்பக்கம் இறங்கக் கூடாது என்பது முதல் விதி. தண்ணீர் குடிக்க யானை வரும் வழி அது. காலையில் செருப்பைத் தட்டிப் போடுவது இரண்டாவது விதி, தேள் இருக்கும். மூன்றாவது விதி எல்லாவற்றிலும் கடினம்: பாட்டுப் போடக் கூடாது. பெங்களூர் அலுவலகங்களிலிருந்து கும்பலாக வருகிறவர்கள் அதிகம் மீறுவது இதைத்தான்.

இன்று இணையத்தில் பீமேஸ்வரி என்று தேடினால் கம்பியில் தொங்கிச் சறுக்குவது, கயிற்றுப் பாலத்தில் நடப்பது, படகு விடுவது என்றுதான் படங்கள் வரும். ஆனால் இந்த முகாம் உலகப் புகழ் பெற்றது இவற்றால் அல்ல. இங்கிலாந்திலிருந்து ஆட்கள் விமானமேறி வந்து, வெயிலில் நாள் முழுக்கக் கழியைப் பிடித்துக்கொண்டு பாறையில் நின்றதற்கு ஒரே காரணம் மஹ்சீர்.

கோணிமூட்டை எடையில் ஒரு மீன்

மஹ்சீர் கெண்டைக் குடும்பத்து மீன். பெரிய செதில், தடித்த உதடு, ஓட்டமான தண்ணீரில் எதிர்நீச்சல் போடும் வலு. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு நூலே எழுதினார். அதில் நாயகன் மஹ்சீர்தான். வெள்ளைக்காரத் துரைகள் புலிவேட்டைக்கு அடுத்தபடியாக மதித்த பொழுதுபோக்கு இது. 1946 மார்ச்சில் மைசூரின் புகழ்பெற்ற விலங்குப் பாடம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த வான் இங்கன், கபினியில் 120 பவுண்டு மீன் ஒன்றைப் பிடித்தார். ஏறத்தாழ 54 கிலோ. தூண்டிலில் சிக்கிய மஹ்சீரில் இன்றுவரை பேசப்படும் எடை அதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைகள் போனார்கள், மீனையும் உலகம் மறந்தது. அற்றுப்போயிருக்கும் என்றே பலர் நினைத்தார்கள். 1977-78-ல் மூன்று ஆங்கிலேய இளைஞர்கள் தரைவழியாக வண்டி ஓட்டி இந்தியா வந்து, ஆறு ஆறாகத் தேடிக் காவிரியில் கண்டுபிடித்தார்கள். முதுகில் திமில்போல் மேடு, ஆரஞ்சுச் சிவப்புத் துடுப்பு, நாற்பது கிலோவுக்கு மேல் எடை. செய்தி பரவியது, வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் வரிசைகட்டினார்கள், கரையில் கூடாரங்கள் முளைத்தன. பெங்களூரில் 1972-ல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வன உயிர்ச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. அரசு நிறுவனம் மீன்பிடி முகாம்களை நடத்தியது.

விதி ஒன்றுதான்: பிடிக்கலாம், கொல்லக் கூடாது. ராகிக் களியை உருண்டை பிடித்துத் தூண்டிலில் குத்திப் போடுவார்கள், நண்டும் போடுவதுண்டு. மீன் இழுத்தால் பரிசலில் ஏறி அதன் பின்னால் அலைய வேண்டும். கரைக்குக் கொண்டுவந்ததும் துணித் தொட்டிலில் வைத்து எடை பார்த்து, படமெடுத்து, தண்ணீரில் நிறுத்திப் பிடித்திருந்து, தெம்பு வந்ததும் விட்டுவிட வேண்டும். நம் ஊர்க்காரருக்கு இது வேடிக்கையாக இருக்கும். பிடித்த மீனை விடவா இத்தனை பாடு?

கூடாரங்கள் வருவதற்கு முன் இந்த ஆற்றில் மீன் பிடித்த முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டா. மடுவுக்குள் வெடியைக் கொளுத்தி எறிந்தால் பெரியது சிறியது குஞ்சு முட்டை எல்லாம் செத்து மிதக்கும். வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு போய்விடலாம். எறிகிறவரின் கையும் சில நேரம் போகும். இந்தத் தொழிலில் கை தேர்ந்தவர்களைத்தான் முகாம்கள் வேலைக்கு எடுத்தன. எந்த மடுவில் எந்த மாதம் மீன் நிற்கும், எந்தப் பாறைக்கு அடியில் சுழல் இருக்கும் என்பதை அவர்களைவிட யார் அறிவார்? திருட்டு மீன் பிடித்தவர்கள் வழிகாட்டிகளானார்கள், பரிசல் ஓட்டினார்கள், இரவில் ரோந்து போனார்கள். உயிரோடிருக்கும் மீனால் மாதாமாதம் சம்பளம் வந்தது. தோட்டாச் சத்தம் கேட்டால் முதலில் ஓடியவர்கள் அவர்கள்தான். காவலென்றால் அதுதான் காவல்.

நோட்டுப் புத்தகம் சொன்ன சேதி

கலிபோர் முகாமில் ஒரு பழக்கம் இருந்தது. யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன கிடைத்தது, என்ன எடை, என்ன நிறம் என்று எழுதி வைப்பார்கள். 1998 முதல் 2012 வரையிலான இந்தப் பதிவுகளை இங்கிலாந்தின் ஆட்ரியன் பிண்டரும் கேரளத்தின் ராஜீவ் ராகவனும் அவர்களோடு சேர்ந்தவர்களும் எடுத்து ஆராய்ந்தார்கள். 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பு, 6,161 மஹ்சீர்கள். ஓர் இந்திய ஆற்றில் ஒரு மீனைப் பற்றி இவ்வளவு நீண்ட காலத் தரவு கிடைப்பது அபூர்வம். அதுவும் விஞ்ஞானிகள் திரட்டியதல்ல; விடுமுறைக்கு வந்தவர்கள் எழுதி வைத்தது.

பதிவுகள் சொன்னது இரண்டு சேதி. மீன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிருக்கிறது. காவல் பலன் தந்தது என்பதற்கு அது சாட்சி. இரண்டாவது சேதி கசப்பானது. கூடியது காவிரியின் சொந்த மீன் அல்ல. ஆரஞ்சுத் துடுப்புத் திமில் மஹ்சீர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, நீலத் துடுப்பு மஹ்சீர் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது.

நீலத் துடுப்பு எங்கிருந்து வந்தது? மகாராஷ்டிரத்தின் லோணாவலாவில் டாடா மின் நிறுவனம் 1970-களிலிருந்து மஹ்சீர்க் குஞ்சு பொரிக்கும் பண்ணை நடத்தியது. அணைகளால் மீன் அழிகிறது, நாமே வளர்த்து விடுவோம் என்ற நல்ல எண்ணம். அந்தக் குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளுக்குப் போயின, காவிரிக்கும் வந்தன. மஹ்சீர் எல்லாம் ஒன்றுதானே என்று விட்டார்கள். ஒன்றல்ல. வந்தது நிலைத்துப் பெருகியது, இருந்தது ஒடுங்கியது. விட்டவர், பிடித்தவர், காத்தவர் எல்லோரும் மீன் பெருகுகிறது என்று மகிழ்ந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் இது நடந்தது. ஏரியில், குளத்தில், ஆற்றில் மீன்குஞ்சு விடும் விழாக்களின் படங்களை நாளிதழில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது.

இன்னொரு விசித்திரம், உலகமே கொண்டாடிய இந்தத் திமில் மஹ்சீருக்கு 2018 வரை முறையான அறிவியல் பெயரே உறுதியாகவில்லை. அந்த ஆண்டு வெளியான ஆய்வு, இது டோர் ரெமாதேவியி என்ற இனம்தான் என்று நிறுவியது. அந்தப் பெயரில் ஒரு மீனை 2007-ல் கேரள ஆய்வாளர்கள் பாம்பாற்றிலிருந்து விவரித்திருந்தார்கள். சின்னாறு காட்டில் ஓடும் பாம்பாறு எங்கே போகிறது? அமராவதிக்கு. அமராவதி கரூருக்குப் பக்கத்தில் காவிரியில் சேருகிறது. பெயரில் உள்ள ரெமா தேவி, சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் மீன்களை ஆராய்ந்த அறிவியலாளர். 2018 நவம்பரிலேயே சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மீனை 'மிக அருகிய இனம்' என்ற பட்டியலில் சேர்த்தது. புலியைவிட மோசமான நிலை அது. நீலகிரிக்கு வடக்கே நம் மோயாற்றில் இன்னும் கொஞ்சம் பிழைத்திருக்கிறது.

சட்டம் வந்தது, தூண்டில் போனது

முகாம்கள் இருக்கும் காடு 1987-ல் காவிரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் எந்த உயிரையும் பிடிக்கக் கூடாது. மீனும் உயிர்தானே என்ற கேள்வி எழுந்து, பிடித்துவிடுவதும் வேட்டைதான் என்ற விளக்கத்தின்மேல் 2012-ல் தூண்டில் முற்றாக நின்றது. 'மீன்பிடி முகாம்' என்ற பெயர் 'இயற்கை மற்றும் சாகச முகாம்' ஆனது.

இதில் இரு தரப்பு நியாயத்தையும் கேட்டாக வேண்டும். கரையோர ஊர்க்காரர் ஒருவர் குழம்புக்கு இரண்டு மீன் பிடித்தால் வழக்கு. லட்சம் செலவழித்து வரும் ஒருவர் அதே மீனின் வாயில் முள்ளை மாட்டி அரைமணி நேரம் இழுத்து விளையாடினால் அது 'பாதுகாப்பா'? இந்தக் கேள்விக்கு முகாம்காரர்களிடம் நல்ல பதில் இருந்ததில்லை. சட்டத்தை ஆளுக்கொரு விதமாக வளைக்கத் தொடங்கினால் காட்டில் எதுவும் மிஞ்சாது. தடை சரி என்பதே என் எண்ணம்.

சரியில்லாதது, தடைக்குப் பிறகு செய்யாமல் விட்டது. தூண்டிலை நிறுத்தியவர்கள், தூண்டிலோடு வந்த காவலுக்கு மாற்று ஏற்பாடு என்ன என்று யோசிக்கவில்லை. விடிகாலையிலிருந்து பொழுது சாயும் வரை மடுவுக்கு மடு ஆள் நின்ற ஆறு அது. சாகச விளையாட்டுக்கு முகாம் முற்றத்தை ஒட்டிய ஆறு போதும். மேலே கீழே பத்து மைலில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகமும் நின்றது. அதனால் 2012-க்குப் பிறகு அதே அளவுக் கணக்கு நம்மிடம் இல்லை. மிக அருகிய இனம் என்று அறிவித்த மீனை எண்ணிக்கொண்டிருந்த ஒரே ஏற்பாட்டையும் நாமே மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். தூண்டில் போடாமலே மீனை எண்ணுவதற்கு வழி உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் மரபணுச் சுவடுகளைப் பரிசோதிக்கலாம். வனத்துறை மேற்பார்வையில், ஆய்வுக்கென மட்டும், அந்தப் பழைய வழிகாட்டிகளை வைத்தே மாதிரி எடுக்கலாம். அதற்கு அவர்களைச் சம்பளத்தில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

முகாமின் வேலிக்குள் விதி இருக்கிறது. வேலிக்கு வெளியே? சங்கமாவுக்கும் முத்தத்திக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். முத்தத்தியில் பிரசித்தியான அனுமன் கோயில் இருக்கிறது. சீதையின் மூக்குத்தி ஆற்றில் விழுந்ததாகவும் அனுமன் வாலால் துழாவி எடுத்துத் தந்ததாகவும் கதை. இன்று அதே மணலில் கால் வைத்தால் எடுக்கக் கிடைப்பது உடைந்த மது பாட்டில். தீ மூட்டிய கரி, சிப்ஸ் உறை, கிழிந்த உள்ளாடை. ஆறு பார்க்க அமைதியாக இருக்கும். பாறைக்கு அடியில் சுழல் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் இங்கே செத்திருக்கிறார்கள், வருடா வருடம். 'இங்கே குளிக்காதே' என்ற பலகையின் மேல் சட்டையைத் தொங்கவிட்டு இறங்குகிறவர்களை என்ன சொல்ல?

இதைச் சொல்லி, 'பார்த்தீர்களா, ஏழைபாழை வந்தால் இப்படித்தான். காசு வாங்கும் முகாம்தான் சரி' என்று முடிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அரசு முகாமில் ஓர் இரவுக்கு ஆளுக்கு ஆயிரக்கணக்கில் ஆகிறது. தர்மபுரியில் துணிக்கடை ஊழியர் ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு அங்கே தங்கக் கணக்குப் போட்டால் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். அவருக்குக் கிடைப்பது குழாயும் கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் காவலரும் இல்லாத பாறைதான். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் பொதுமக்கள் முகாம் திடல்கள் இருக்கின்றன. கூடாரத்தை நீங்கள் கொண்டுபோக வேண்டும். அவர்கள் தருவது ஒரு மேசை, தீ மூட்ட இரும்பு வளையம், கரடி திறக்க முடியாத உணவுப் பெட்டி, பக்கத்தில் தண்ணீர்க் குழாய், கழிப்பறை. ஒரு இடத்துக்கு இத்தனை பேர்தான், இத்தனை மணிக்கு மேல் சத்தம் கூடாது. வாடகை, விடுதி அறைக்குக் கொடுப்பதில் சிறு பங்கு. வசதியைக் குறைத்து ஒழுங்கைக் கூட்டினால் பொதுமக்களுக்கு ஆற்றங்கரை கிடைக்கும். நம் ஊரில் இதற்கு நேர்மாறு: வசதி கூடிய இடத்தில் ஒழுங்கு, வசதியே இல்லாத இடத்தில் ஒழுங்கும் இல்லை.

அங்கேயும் ஆறு பாடம் எடுத்திருக்கிறது. 1997 ஜனவரியில் கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் பனிமேல் மழை பெய்து மெர்சட் ஆறு பெருகியபோது கரையோர முகாம் திடல்கள் நாசமாயின. உடனே மறுபடி கட்டிவிடவில்லை; ஆற்றை ஒட்டிய இரண்டு திடல்களைப் பல ஆண்டுகள் மூடியே வைத்தார்கள். வெள்ளம் வரும் இடம் ஆற்றுக்குரியது என்பதே வாதம். நம் நாட்டிலும் ரிஷிகேஷுக்கு மேலே கங்கையின் மணல் திட்டுகளில் வரிசையாக முளைத்த கூடாரங்களுக்கு 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. காவிரி மட்டும் விதிவிலக்கா? 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் ஒகேனக்கல்லில் ஏறத்தாழ 2 லட்சம் கனஅடி ஓடியது. உள்ளூரில் ஒரு சொட்டு மழை இருக்காது; கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் மதகைத் தூக்கியிருப்பார்கள். கூடாரம் மணலில் இருக்கக் கூடாது, மேட்டில்தான் இருக்க வேண்டும்.

நம் கரையில் என்ன?

2014-ல் காவிரி வடக்கு, 2022 நவம்பரில் காவிரி தெற்கு என இரண்டு சரணாலயங்களைத் தமிழ்நாடு அறிவித்திருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகள் இவை. தெற்குச் சரணாலயம் மட்டும் 686 சதுர கிலோமீட்டர். கர்நாடகச் சரணாலயத்தோடு சேர்த்துப் பார்த்தால் யானைக்கு எல்லைக்கோடு இல்லாத ஒரே காடு. கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகள் படித்தவர்களுக்கு ஜவளகிரி, அஞ்செட்டி என்ற பெயர்கள் புதிதாக இருக்காது, அதே காடுதான். அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகும் சாலையில் பயணிப்பவர்கள் இதன் ஓரத்தைத்தான் தொட்டுப் போகிறார்கள்.

இவ்வளவு காடு, இவ்வளவு ஆறு. மக்களுக்கு நாம் திறந்து வைத்திருப்பதோ ஒகேனக்கல் என்ற ஒரு முனையை மட்டும். எண்ணெய் மசாஜ், மீன் வறுவல், பரிசல். எனக்கு இவற்றில் எந்தக் குறையும் இல்லை, வறுவலுக்காகவே போகலாம். ஆனால் விடுமுறை நாளில் அத்தனை கூட்டமும் அந்த ஓரிடத்திலேயே குவிகிறது. பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை போடும். அன்று பரிசல்காரருக்கும் மசாஜ்காரருக்கும் வருமானம் பூச்சியம்.

நமக்கு வேறு மாதிரி செய்யத் தெரியாமல் இல்லை. கோவை மாவட்டத்தில், பில்லூர் அணையின் நீர்ப்பிடிப்பில் பரளிக்காடு இருக்கிறது. பவானிக் கரையில் வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா. வார இறுதியில் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் இடம். பரிசல் ஓட்டுவது ஊர் இளைஞர்கள், சமைத்துப் போடுவது ஊர்ப் பெண்கள், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும் ஏற முடியாது. பக்கத்தில் பூச்சமரத்தூரில் ஆற்றைப் பார்த்த குடில்களில் தங்கலாம். ஆடம்பரம் இல்லை, கட்டணமும் கட்டுப்படியானது. கரையில் பாட்டில் கிடப்பதில்லை, காரணம் அந்தக் கரை தங்கள் பிழைப்பு என்று நினைப்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபின் மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தி, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்துவிட்டது. மலைக்குச் செய்ததை ஆற்றுக்கும் செய்ய முடியும். அஞ்செட்டி வனத்திலும் பென்னாகரம் பக்கமும் சரணாலயத்தின் மையப் பகுதியைத் தொடாமல், வெள்ளம் ஏறாத மேட்டில், இருபது முப்பது பேர் தங்கும் எளிய கூடாரத் திடல்கள் சிலவற்றை அமைக்கலாம். கட்டில் வேண்டாம், குளிரூட்டி வேண்டாம். ஒகேனக்கல்லில் தண்ணீர் பெருகும் மாதங்களில் வேலையில்லாமல் நிற்கும் பரிசல்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஆற்றுக் காவலர்களாக வைக்கலாம். கலிபோரில் இருந்ததுபோல் ஒரு நோட்டுப் புத்தகமும் வைக்கலாம். இந்த முறை மீன் பிடித்த கணக்கு வேண்டாம். நீர்நாய், ஆமை, முதலை, கழுகு என்று கண்ணில் பட்ட கணக்கு.

கர்நாடகம் மேகதாதுவில் கட்டத் துடிக்கும் 67.16 டி.எம்.சி. அணையைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசாத மேடை இல்லை. நம் வாதம் முழுக்கத் தண்ணீர்ப் பங்கைப் பற்றியது. அது நியாயமான வாதமே. ஆனால் அந்த அணை வந்தால் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் நிலம் மூழ்கும், அதில் பெரும்பகுதி இதே காவிரிக் காடு என்பதை நம் மேடைகளில் அதிகம் கேட்டதில்லை. மரமும் மடுவும் மீனும் மூழ்குகின்றன என்று சொல்ல அந்த ஆற்றைப் பார்த்தவர்கள் வேண்டும். பார்த்தவர்கள் கர்நாடகத்தில் ஓரளவு இருக்கிறார்கள். பெங்களூரின் சூழல் ஆர்வலர்களில் பலர் அந்த அணையை எதிர்ப்பதற்கு, இந்தக் கரைகளில் நடந்து பழகியதும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு கூட்டம் உருவாக வேண்டுமானால் நம் பிள்ளைகள் ஓர் இரவாவது காவிரிக் கரையில் தூங்கி எழ வேண்டும்.

அதுவரை, போகிறவர்களுக்குச் சில சொற்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்து கூடாரம் அடிப்பது குற்றம். சமூக ஊடகத்தில் 'ரகசிய ஸ்பாட்' என்று வரும் காணொளியை நம்பிப் போகாதீர்கள், அபராதத்துக்கும் யானைக்கும் ஒருசேர மாட்டுவீர்கள். வனத்துறையோ அரசு நிறுவனமோ நடத்தும் இடத்தில் முன்பதிவு செய்து போங்கள். தனியார் இடம் என்றால் அது ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். மழைக்காலத்தில் மேலே அணை திறந்தார்களா என்று பார்க்காமல் தண்ணீரில் இறங்காதீர்கள். உங்களுக்கு வழிகாட்ட வரும் உள்ளூர்க்காரருக்குக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கண்ணாடி பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வனத்துறைக்கு ஒரே வேண்டுகோள்: காவிரி தெற்குச் சரணாலயத்துக்கான மேலாண்மைத் திட்டத்தில் யானைக்கும் அணிலுக்கும் பக்கம் ஒதுக்கும்போது, கரையோர ஊர்களிலிருந்து எத்தனை பேருக்கு ஆற்றுக் காவல் வேலை தரப்போகிறீர்கள் என்பதையும் ஓர் எண்ணாக எழுதுங்கள்.